வெண்பொருள் மேசையை எடுத்துவிடாதீர்கள்: நரம்பியல் அறுவை மருத்துவப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், பயிற்சியின் மூன்றாம் ஆண்டில் இருந்த ஓர் இளம் மருத்துவர் என் மேசைக்கு வந்தார். மூளையின் மேல் போர்வையான புறணியை முழுவதும் உரித்து வைத்திருந்த ஓர் அரைக்கோளத்தை, அதாவது மூளையின் ஒரு பாதியை, குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதில் பச்சை எது?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நரம்பிழைகளின் போக்கைக் கணினித் திரையில் காட்டும் இழைப்படங்களில் இடவலமாக ஓடுபவை சிவப்பு, முன்பின்னாக ஓடுபவை பச்சை, மேல்கீழாக ஓடுபவை நீலம். அந்தச் சாயத்தைப் பார்த்தே மூளையைப் படித்தவர் அவர். எதிரில் இருந்த மூளையோ முழுதும் ஒரே நிறம். ஃபார்மலினில் ஊறிப் பழுப்பேறிய தந்தத்தின் நிறம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அதற்குள் எத்தனையோ மூளை அறுவைகளில் உதவியாளராக நின்றிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

பயிற்சி நேரத்தைச் சீரமைக்கும்போதெல்லாம் வெண்பொருள் பிரிப்பு, அதாவது புறணிக்கு அடியில் ஓடும் நரம்பிழைகளைக் கையால் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்பது, முதலில் 'விருப்பப் பயிற்சி' ஆகிறது. அடுத்த சுற்றில் ஒரு நாள் செயல்விளக்கமாகச் சுருங்குகிறது. அதற்கடுத்த சுற்றில் காணொளியாகிவிடுகிறது. நேரமில்லை, மூளைகள் கிடைப்பதில்லை, ஃபார்மலின் உடலுக்குக் கெடுதல் என்று நீங்கள் சொல்லும் காரணங்களில் நியாயம் உண்டு, பிறகு வருகிறேன். நான்காவதாக ஒன்று சொல்கிறீர்கள்: இழைகளைத்தான் ஸ்கேன் காட்டிவிடுகிறதே, கையால் எதற்கு? இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் அதைச் செய்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் படித்த காலத்திலும் அது அரிதாகத்தான் இருந்தது.

மூளையை எடுத்ததும் அதன் அடியில் ஓடும் பேசிலார் தமனியில் நூல் கட்டி, 10 சதவீத ஃபார்மலினில் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். வாளியின் அடியில் கிடந்தால் தன் எடையிலேயே நசுங்கித் தட்டையாகிவிடும். இரண்டு மாதமாவது ஊற வேண்டும். பிறகு ஓடும் நீரில் கழுவி, மேலே போர்த்திய மெல்லிய சவ்வுகளையும் இரத்தக் குழாய்களையும் உருப்பெருக்கியின் கீழ் உரிக்கிறோம். சவ்வு ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் புகுந்திருக்கும். இழுத்தால் புறணியும் சேர்ந்து வரும். யாருக்குப் பொறுமை இல்லை என்பது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். அதன்பின் மைனஸ் 10 முதல் 15 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் உறைய வைத்து, குழாய் நீரில் காட்டி உருக்குகிறோம்.

உறைய வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஃபார்மலின் புறணி போன்ற சாம்பல் பொருளுக்குள் எளிதாக இறங்கும். மயலின் என்ற கொழுப்புறை போர்த்திய இழைகளுக்குள் அவ்வளவாக இறங்காது. இழைகளின் இடையே தங்கிய நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. விரியும் படிகங்கள் இழைகளை விலக்கிவிடுகின்றன. உருகியபின் புறணி ஈரப் பஞ்சுபோல் உதிர, அடியில் இருக்கும் வெண்பொருள் நார் நாராகப் பிரிய ஆயத்தமாக இருக்கும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உடற்கூற்று மாதிரிகளைத் தயாரிக்கும் பணியில் இருந்த யோசெஃப் கிளிங்லர் 1935இல் வெளியிட்ட முறை இது. அவர் பேராசிரியர் அல்லர், மாதிரி தயாரிப்பவர். இதையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாக்கை அழுத்திப் பார்க்கும் மரப்பட்டையைச் சீவி முனையை மெலிதாக்கிக்கொள்வோம். கூட ஒரு நுண் இடுக்கி. கத்தியைத் தொடவே விடுவதில்லை. கத்தி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும், எங்கும் பாதை இருப்பதுபோல் காட்டிவிடும். மழுங்கிய மரமுனை இழையின் போக்கில் வழுக்கிக்கொண்டு போகும்; குறுக்கே திருப்பினால் மாட்டிக்கொள்ளும். அந்த மாட்டிக்கொள்ளுதலைத்தான் நாங்கள் கற்றுத்தருகிறோம். மணிக்கட்டில் வந்து சேரும் அந்தச் சிறு தடையை எந்தத் திரையிலும் காட்ட முடியாது.

பொட்டு மடலின் மேல் பள்ளத்திலிருந்து தொடங்குவது என் வழக்கம். புறணியை உதிர்த்ததும் முதலில் வருபவை பக்கத்துப் பக்கத்து மடிப்புகளைப் பிணைக்கும் 'யு' வடிவக் குற்றிழைகள். அவற்றை நீக்கினால் நெற்றி மடலிலிருந்து சுவர் மடல் வழியே வளைந்து பொட்டு மடலுக்கு இறங்கும் வில் கற்றை. ஆழத்தில் மறைந்திருக்கும் புறணிப் பகுதியான இன்சுலாவை மூடியிருக்கும் மடிப்புகளை எடுத்து, இன்சுலாவின் புறணியையும் அதன் அடியில் இருக்கும் மெல்லிய ஏடுகளையும் நீக்கினால், நெற்றி மடலின் அடியையும் பொட்டு மடலின் முனையையும் இணைக்கும் கொக்கிக் கற்றை தெரியும். அதை ஒட்டியே பிடரி மடல் வரை நீளும் கீழ் நெற்றி-பிடரிக் கற்றை. அதற்கும் உள்ளே புட்டாமென் என்ற சாம்பல் பொருள் திரள். அதையும் எடுத்தால், புறணிக்கும் மூளையின் அடிப்பகுதிக்கும் இடையே ஓடும் இழைகள் விசிறிபோல் விரியும் கதிர் மகுடம். இவ்வளவையும் எழுத்தில் ஒரு பத்தியில் சொல்லிவிட்டேன். மேசையில் இதற்கு இரண்டு மாதம் ஆகும்.

இந்த இரண்டு மாதத்தால் அறுவை அரங்கில் என்ன பயன் என்பீர்கள். நோயாளியை விழித்திருக்கச் செய்து கட்டியை அகற்றும் அறுவையை எடுத்துக்கொள்வோம். படம் ஒன்றைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்கிறார்கள். அதே நேரத்தில் இழையின் மேல் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். வில் கற்றையில் பட்டால் நோயாளி ஒலியைத் தவறவிடுகிறார்: பூனை 'பூமை' ஆகிறது. கீழ் நெற்றி-பிடரிக் கற்றையில் பட்டால் பொருளைத் தவறவிடுகிறார்: பூனையைப் பார்த்து 'நாய்' என்கிறார். பொட்டு மடலின் பின்பகுதியில் முதலாவது மேலடுக்கு, இரண்டாவது அதன் அடியில். எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாகத் தெரிந்து பயனில்லை. ஓர் அடுக்கை உரித்து அடுத்ததைக் கண்ட கைக்கு, 'நான் இப்போது எந்த அடுக்கில் இருக்கிறேன்' என்ற கேள்வி தானாகவே எழும். எழாத கையைத்தான் நான் அஞ்சுகிறேன்.

இனி ஸ்கேனுக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி இல்லை. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் ப்ரோகா, பேச்சிழந்த தன் நோயாளியின் மூளையை வெட்டாமல் அப்படியே பாதுகாத்து வைத்தார். மேற்பரப்பில் தெரிந்த சிதைவை மட்டும் விவரித்தார். 2007இல் அந்த மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோதுதான் சிதைவு ஆழத்தில் ஓடும் நீள்கற்றை வரை இறங்கியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பேச்சின் இருப்பிடம் என்று புறணியின் ஒரு மூலையைச் சுட்டிக்கொண்டிருந்தோம். அடியில் அறுந்துபோன கம்பியை அந்தக் கருவிதான் காட்டியது. உயிரோடிருக்கும் நோயாளியின் இழைகளை ஊகிக்க நமக்கு வேறு வழியும் கிடையாது. என் மேசையில் கிடப்பது எப்போதும் இறந்தவரின் மூளை. நாளை அறுவைக்கு வருபவரின் மூளையை நான் பிரித்துக் காட்ட முடியாது.

ஆனால் அது ஊகம் என்பது திரையில் எங்கும் எழுதப்படுவதில்லை. ஸ்கேன் இழைகளைப் பார்ப்பதே இல்லை. நீர் எந்தத் திசையில் எளிதாக நகர்கிறது என்பதை அளக்கிறது. 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு கனசதுரத்துக்குள் லட்சக்கணக்கான இழைகள் ஓடும். அத்தனைக்கும் சேர்த்துச் சில எண்கள் கிடைக்கும். அந்த எண்களைக் கோத்துக் கணினி நிரல் கோடு வரையும். இரண்டு கற்றைகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றனவா, உரசிக்கொண்டு விலகுகின்றனவா, ஒன்றாய்ச் சேர்ந்து பிரிகின்றனவா என்பதை அந்த எண்கள் பல இடங்களில் சொல்வதில்லை. 2017இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் 20 ஆய்வுக் குழுக்கள் ஒரே தரவிலிருந்து 96 இழைப்படங்களை வரைந்து அனுப்பின. சரியான விடை முன்கூட்டியே தெரிந்த, செயற்கையாக உருவாக்கப்பட்ட தரவு அது. உண்மையான கற்றைகளில் பெரும்பாலானவற்றை ஓரளவாவது பெரும்பாலான படங்கள் கண்டுபிடித்திருந்தன. கூடவே, இல்லாத கற்றைகளை இருக்கும் கற்றைகளைவிட அதிகமாக வரைந்திருந்தன.

இல்லாத கற்றையும் அதே பச்சையில்தான் ஒளிரும்.

அதற்கு மாறாக, இருக்கும் இழை திரையில் காணாமல் போவதும் உண்டு. பார்வைச் செய்தியைப் பிடரி மடலுக்குக் கொண்டுபோகும் கற்றையான பார்வைக் கதிரின் ஒரு பகுதி, மூளையின் நடுவில் உள்ள தலாமஸை விட்டு நேரே பின்னால் போகாமல், முதலில் பொட்டு மடலுக்குள் முன்னோக்கி ஓடி வளைந்து திரும்புகிறது. மேயர் வளையம் என்பார்கள். வலிப்பு நோய்க்காகப் பொட்டு மடலின் முன்பகுதியை அகற்றும்போது இந்த வளையம் அறுபட்டால், இரு கண்களிலும் எதிர்ப்பக்கத்தின் மேல் கால்பகுதிப் பார்வை போய்விடும். வளையத்தின் நுனி மடலின் முனையிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கிறது? கிளிங்லர் முறையில் பிரித்து அளந்து 1988இல் வெளியான ஆய்வில் சராசரி 27 மில்லிமீட்டர். ஆனால் ஓர் அரைக்கோளத்தில் 22, இன்னொன்றில் 37. சராசரியைத் தாண்டி இந்த விரிவைத்தான் பயிற்சி பெறுபவர் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வளைவு கூர்மையானது என்பதால் கணினிக் கோடு பெரும்பாலும் நுனியை எட்டாமலேயே திரும்பிவிடுகிறது. வளையம் உண்மையில் இருப்பதைவிடப் பின்னால் இருப்பதுபோல் தோன்றுகிறது. இந்தத் தவறு ஆபத்தான பக்கமாகச் சாய்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வளையத்தைத் தன் கையால் ஒருமுறை பிரித்தவர், திரையில் கோடு சட்டென்று திரும்பும் இடத்தைப் பார்த்ததும் 'இன்னும் கொஞ்சம் முன்னால் இருக்குமே' என்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்புக்காகத்தான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

பழங்கதை ஒன்று. இழைகளைப் பின்தொடர்ந்து போவதுதான் மூளையை அறியச் சரியான வழி என்று 1665இல் பாரிஸில் ஆற்றிய உரையிலேயே டென்மார்க்கின் உடற்கூற்றியலாளர் நீல்ஸ் ஸ்டென்சன் சொன்னார். அது மிகக் கடினம் என்றும் சேர்த்தே சொன்னார். பின்னால் வந்தவர்களில் பிரான்சின் வியூசென்ஸ் மூளையை எண்ணெயில் கொதிக்க வைத்துப் பிரித்தார். ஜெர்மனியின் ரைல் சாராயத்தில் இறுக வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்லிய சீவல்களாக அறுக்கும் கருவியும் சாயங்களும் வந்தபோது பிரிப்புமுறை ஓரங்கட்டப்பட்டது. 'புதிய கருவி எல்லாவற்றையும் காட்டிவிடுகிறதே' என்ற அதே வாதம் அப்போதும் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அந்தக் காலத்துச் சம்பவங்கள் இரண்டை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1881இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே, பிடரி மடலில் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக ஓடும் ஒரு கற்றையைக் குரங்கின் மூளையில் விவரித்தார். அவர் பயின்ற கூடத்தின் தலைவர் மைனெர்ட், புறணியின் பகுதிகளை இணைக்கும் நெடுங்கற்றைகள் முன்பின்னாகத்தான் ஓடும் என்ற கொள்கை உடையவர். செங்குத்துக் கற்றைக்கு அந்தக் கொள்கையில் இடம் இல்லை. வேறு சிலரும் அதைக் கண்டார்கள், வேறு வேறு பெயர் வைத்தார்கள். பாடநூல்களிலிருந்து மெல்ல மெல்ல அது மறைந்தது. எம்.ஆர்.ஐ. படங்களில் மீண்டும் தென்பட்டு, பழைய நூல்களைத் தூசி தட்டிப் பெயரை மீட்டு 2014இல் எழுத வேண்டியிருந்தது. ஆக, இங்கே மீட்டது ஸ்கேன். மறைத்தது ஒரு பெரியவரின் கொள்கை.

இன்னொன்று நேர் எதிர். 'மேல் நெற்றி-பிடரிக் கற்றை' என்ற ஒன்று பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்துவந்தது. இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் இல்லாமல் பிறந்தவர்களின் மூளைகளில் தென்பட்ட இயல்பு மீறிய ஒரு கற்றையைப் பார்த்து, அது எல்லா மூளைகளிலும் உண்டு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் முடிவு கட்டியதிலிருந்து வந்தது அது. 1997இல் உருப்பெருக்கியின் கீழ் மனித மூளைகளை அடுக்கடுக்காகப் பிரித்துத் தேடியபோது அப்படி ஒரு கற்றை அகப்படவில்லை. அந்த இடத்தில் இருந்தவை வேறு இழைகள். தேடியவர்களில் ஒருவர் நுண் அறுவையின் முன்னோடி யாசர்கில். அவர் இளமையில் பாசெலில் கிளிங்லரிடம் இந்தப் பிரிப்புமுறையைக் கற்றவர். ஒரு மாதிரி தயாரிப்பவரின் மேசையில் கற்றது, அரை நூற்றாண்டு கழித்து ஒரு பாடநூல் வரியைத் திருத்தியது.

இதைச் சொன்ன கையோடு, எங்கள் மேசையும் பொய் சொல்லும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இழை எந்தப் பக்கம் செய்தி அனுப்புகிறது என்று அது காட்டாது. இழை புறணியில் எந்தச் செல்லில் போய் முடிகிறது என்று காட்டாது. முடிவிடம் நெருங்க நெருங்க எல்லாம் குழைந்துவிடும். கார்பஸ் கலோசத்தின் இழைகளும் கதிர் மகுடமும் நீள்கற்றையும் பின்னிக் கிடக்கும் இடத்தில், ஒன்றைக் காட்ட மற்றதை அழித்தே தீர வேண்டும். அழித்ததை மீண்டும் ஒட்ட முடியாது. அதைவிட மோசமானது எதிர்பார்ப்பு: 'இங்கே ஒரு கற்றை இருக்க வேண்டும்' என்று நம்பிக்கொண்டு மரமுனையை ஓட்டினால், கற்றை போன்ற ஒன்றைச் செதுக்கி எடுத்துவிடலாம். நானே செதுக்கியிருக்கிறேன். கொக்கிக் கற்றையைப் படத்தில் இருப்பதுபோல் அழகாகத் தனியே நிறுத்தி, படமெடுத்து, பெருமையோடு காட்டினேன். உண்மையில் அது பக்கத்துக் கற்றையிலிருந்து அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. அந்த எல்லையை வரைந்தது என் கை.

இந்தத் தவற்றைச் செய்து பார்க்காத ஒருவருக்கு, நிரல் செய்யும் தவறு புரியும் என்று நான் நம்பவில்லை. ஓர் ஆரம்பப் புள்ளியைக் குறித்து, ஒரு முடிவுப் புள்ளியைக் குறித்து, நடுவில் வருவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும் அந்தக் கணினி வேலை, நான் கொக்கிக் கற்றையைச் செதுக்கியதற்கு எந்த விதத்தில் வேறு?

ஆகவே என் வேண்டுகோள் இது. பயிற்சிக் காலம் முழுவதற்குமாக ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு மூளை கொடுங்கள். ஓர் அரைக்கோளத்தை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கியும், மற்றதைச் சிங்குலம், கார்பஸ் கலோசம், ஃபோர்னிக்ஸ் என்ற கற்றைகள் வழியே உள்பக்கத்திலிருந்து வெளிநோக்கியும் அவரே பிரிக்கட்டும். வாரத்தில் ஒரு பிற்பகல் போதும். இடையில் நீர்த்த ஃபார்மலினில் மாதிரி காத்திருக்கும், அதற்கு அவசரம் இல்லை. ஒவ்வோர் அடுக்கிலும் நீக்குவதற்கு முன் படம் எடுக்கட்டும். எதைக் கண்டோம் என்பதோடு எதை அழித்தோம் என்பதையும் எழுதட்டும். அந்தக் குறிப்பேட்டை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அழகான மாதிரிக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் எல்லோரும் என்னைப்போல் செதுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நேரம் பற்றி: திரை முன் செலவிடும் மணிகளில் ஒரு பங்கை இதற்குத் திருப்பினாலே போதும். மூளைகள் பற்றி: ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் நான் கேட்கவில்லை, பயிற்சி பெறுபவர்களின் எண்ணிக்கை அளவுக்கே கேட்கிறேன். உடல்கொடை செய்தவர் அதைக் கண்ணாடிப் புட்டியில் வைக்கக் கொடுக்கவில்லை. ஃபார்மலின் பற்றி: ஃபார்மால்டிஹைடு புற்றுநோய்க் காரணி என்பதில் ஐயமில்லை, மறுக்க மாட்டேன். நன்கு கழுவிய மாதிரி, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் மேசை, கையுறை, இவை எல்லாம் வேண்டும். இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். ஆபத்து இருக்கிறது என்று மேசையை மூடுவது, கதிர்வீச்சு இருக்கிறது என்று எக்ஸ்ரே அறையை மூடுவதுபோல்.

மாதிரி தயாரிப்பவரின் பணியிடத்தையும் நிரப்புங்கள். நான் பணிபுரிந்த ஒரு கூடத்தில் அந்தப் பணியிடம் காலியான பிறகு, உறைபெட்டியின் வெப்பநிலையைப் பார்க்க ஆள் இல்லை. ஒரு விடுமுறையில் மின்சாரம் நின்று, உருகி, மீண்டும் உறைந்து ஆறு மூளைகள் கூழாகிவிட்டன. ஆறு பேர் கொடுத்துவிட்டுப் போனவை. அந்த வாளிகளை நான்தான் கழுவினேன்.

இப்போது ஓர் அரைக்கோளம் உறைநிலையில் பத்தாம் நாளைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் உருக்குவேன். உங்கள் குழுவிலிருந்து யாராவது ஒருவர் வந்து, ஒரே ஒரு பிற்பகல், பொட்டு மடலின் மேல் பள்ளத்தில் தொடங்கி வில் கற்றை வரை பிரித்துப் பாருங்கள். சீவிய மரப்பட்டை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாது. புறணி உதிர்ந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
வெண்பொருள் மேசையில் நிற்கும் ஓர் உடற்கூறியல் ஆசிரியர்